முத்தாயி வருவதற்குள்

சிங்கப்பூரில் ஓர் இனம் இருக்கிறது. அவர்கள் தெம்பனிஸிலும் இருக்கிறார்கள், புக்கிட் பாஞ்சாங்கிலும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக் கடையில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்துக்கொண்டு உங்கள் பக்கத்திலேயே நிற்பார்கள். பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க வேண்டுமென்றால், வீடு சுத்தம் செய்ய ஆள் வரும் நாளில், அந்த ஆள் வருவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் அவர்கள் கதவைத் தட்ட வேண்டும். ஒரு கையில் மாப்பும் மறு கையில் ப்ளீச் போத்தலுமாக மூச்சிரைக்க வந்து திறப்பார்கள். "என்னங்க, காலங்காத்தால?" என்று கேட்டுப் பாருங்கள்.

"இன்னிக்கு வீட்டக் கழுவ ஆள் வருது லா. அதான் கழுவிக்கிட்டிருக்கேன்."

சொல்லும்போது சிரிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். சிரிக்க மாட்டார்கள். இவர்களுக்கு நான் வைத்திருக்கும் பெயர் முன்துடைப்பர்.

முன்துடைப்பரின் வாயில் எப்போதும் இருப்பது "அவங்க வர்றதுக்குள்ள" என்ற ஒரே தொடர்தான். அவங்க வர்றதுக்குள்ள சிங்க்கைக் காலி பண்ணு, அவங்க வர்றதுக்குள்ள பாத்ரூம் தண்ணி போற ஓட்டையில இருக்கற முடிய எடு, அவங்க வர்றதுக்குள்ள படுக்கைய விரி, அவங்க வர்றதுக்குள்ள அந்த அழுக்குச் சட்டைய எங்கயாவது ஒளிச்சு வை என்று வீட்டில் உள்ளவர்களை விரட்டி, தரை துடைக்கிற துணி அழுக்காக இருக்கிறதே என்று அதையும் துவைத்துக் காயப்போட்டு, கடைசியில் குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்து, "ஐயையோ, குப்பைத் தொட்டியில குப்பை கெடக்கு!" என்று அலறுவார். குப்பைத் தொட்டியில் வேறு என்ன கிடக்க வேண்டும்? கேட்டுவிடாதீர்கள்.

என் எதிர்வீட்டு விசாலாட்சியைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கு நன்றாக விளங்கும். தெம்பனிஸில் ஒன்பதாவது மாடி. அவர் வீட்டுக் கம்பிக் கதவுக்கும் என் வீட்டுக் கம்பிக் கதவுக்கும் நடுவே ஆறடி. அங்கே கரண்டி விழுந்தால் இங்கே நானும் என் மனைவி பரீதாவும் திடுக்கிடுவோம். விசாலாட்சி பாலர் பள்ளி ஒன்றில் வேலை பார்க்கிறார். கணவர் கோவிந்தராசு கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். மகள் இளமதி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். ஆனால் அந்த வீட்டில் எல்லாரையும்விட முக்கியமானது விசாலாட்சியின் வலது முழங்கால்தான். அது தேய்ந்துவிட்டது. இனிமேல் தரையில் முட்டி போட்டு வேலை செய்தால் அறுவை சிகிச்சைதான் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த முழங்காலைக் காப்பாற்றத்தான் சனிக்கிழமை தோறும் ஒன்பது மணிக்கு முத்தாயி வர ஏற்பாடாயிற்று.

முத்தாயிக்கு அறுபது வயதிருக்கும். கைவேலை சுத்தம், பேச்சு குறைவு. முதல் வாரம் வந்தார், வீட்டைப் பளிச்சென்று ஆக்கினார், மைலோ குடிக்க உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"நேத்து ஒரு வீட்ல அடுப்ப நகத்துனேன்மா. பின்னால இருந்த எண்ணெயில விரலால பேரே எழுதலாம்."

மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோல் சொல்லிவிட்டு, கப்பைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டார். விசாலாட்சி நேராகச் சமையலறைக்குப் போனார். அடுப்பை நகர்த்திப் பார்த்தார். அங்கேயும் பேர் எழுதலாம், இனிஷியலோடு. அடுத்த வாரம் இவர் எந்த வீட்டில் மைலோ குடிப்பார்? அங்கே யார் பேரைச் சொல்வார்? அது கோயிலில் பார்க்கிறவர்கள் வீடாக இருந்துவிட்டால்? அப்புறம் தைப்பூசத்துக்கு எந்த முகத்தை வைத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் நடப்பது?

அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் அந்த வீட்டில் போர் மூண்டது. கோவிந்தராசு ஜன்னல் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவித் துடைத்தார். இளமதி பாத்ரூமுக்குள் தள்ளப்பட்டாள். "அம்மா, this is so illogical லா!" என்ற குரல் உள்ளேயிருந்து எதிரொலித்தது. விசாலாட்சியோ அடுப்பை நகர்த்தி, குளிர்பெட்டியையும் நகர்த்தி, எந்த முட்டியைத் தரையில் போடக் கூடாது என்று மருத்துவர் சொன்னாரோ அதே முட்டியைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கோவிந்தராசு பட்டறையில் நூறு பேரை மேய்ப்பவர். அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏன் விசாலம், முத்தாயிக்கா எதுக்கு வர்றாங்க?"

"க்ளீன் பண்ண."

"எதை?"

விசாலாட்சி தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பிறகு கோவிந்தராசு ஜன்னலின் வெளிப்பக்கத்தையும் துடைக்க ஆரம்பித்ததாகக் கேள்வி.

ஒன்பது மணிக்கு முத்தாயி வந்தால், வீடு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். மூன்று பேரும் வியர்வை வழிய சோபாவில் சாய்ந்திருப்பார்கள். "பெருசா ஒண்ணுமில்லக்கா, சும்மா லேசா ஒரு தொட தொடச்சாப் போதும்" என்பார் விசாலாட்சி. முத்தாயி துடைத்த மேசையைத் துடைப்பார். கழுவிய சிங்க்கைக் கழுவுவார். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். செடி ஏற்கெனவே நனைந்திருக்கும். பிறகு விசாலாட்சியின் வீங்கிய முழங்காலைப் பார்த்துவிட்டு, ஃப்ரீசரிலிருந்து பச்சைப் பட்டாணிப் பையை எடுத்து அதன்மேல் வைத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நாலைந்து வாரம் முத்தாயி அந்த வீட்டில் உருப்படியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஆறாவது சனிக்கிழமை, பட்டாணிப் பையைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு வந்து சொன்னார்.

"அடுத்த வாரத்திலேருந்து நான் வரலம்மா. புக்கிட் பாஞ்சாங்ல ஒரு வீடு, புள்ள பெத்த வீடு, கால் வைக்க இடமில்லாம கெடக்காம். அங்க போறேன்."

"ஐயோ, ஏங்க்கா? என்ன ஆச்சு?"

"என் வேலை உங்களுக்குப் புடிக்கலன்னா மொத வாரமே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். நான் தொட்டா சுத்தமாகாதுன்னு நீங்களே எல்லாத்தையும் செஞ்சு வச்சுர்றீங்க. முப்பது வருஷமா வீடு கழுவுறேன், யாரும் என்னை இப்படி உக்கார வச்சதில்ல."

என் வீட்டுக் கதவருகே நின்றிருந்த எனக்கே சங்கடமாக இருந்தது. முத்தாயி என்ன நினைப்பாரோ என்று விசாலாட்சி ஐந்து வாரம் முட்டியைத் தேய்த்திருக்கிறார். விசாலாட்சி தன்னை என்ன நினைக்கிறாரோ என்று முத்தாயி ஐந்து வாரம் மனத்தைத் தேய்த்திருக்கிறார். என்ன கொடுமை பாருங்கள்!

விசாலாட்சி அழாத குறையாக உண்மையைச் சொன்னார்: அடுப்பு, எண்ணெய், இனிஷியல், எல்லாம். முத்தாயி வாயைப் பிளந்தார். அப்படிச் சொன்னதே அவருக்கு நினைவில்லை. கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்.

"அடுத்த சனிக்கிழமை ஒரு தடவ வர்றேன். எனக்குன்னு வேலை இருக்கணும். இல்லன்னா நான் புக்கிட் பாஞ்சாங்."

அந்த வாரம் விசாலாட்சி பட்ட பாட்டை யாரும் பட்டிருக்க மாட்டார்கள். முத்தாயி போய்விட்டால் வீட்டு வேலை முழுக்கத் தன் தலையில், அப்புறம் முழங்கால் நேரே ஆபரேஷன் மேசையில். அது அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் அழுக்கை அழுக்காக விட்டுவைக்கக் கை வர வேண்டுமே! திங்கட்கிழமை விழுந்த ஊறுகாய்ச் சொட்டை வியாழன்வரை பொறுத்தார். வியாழன் மாலை பேப்பர் துண்டோடு போனவரைக் கோவிந்தராசு குறுக்கே நின்று தடுத்தார். வெள்ளிக்கிழமை அவர் இரவு ஷிப்ட். சனிக்கிழமை காலை வீடு திரும்பியபோது தரை ஈரமாக இருந்தது. எலுமிச்சை வாசம் தாழ்வாரம்வரை வந்தது.

"என்ன விசாலம் இது!"

"தெரியாம செஞ்சுட்டேங்க. கை தானாப் போயிடுச்சு."

மணி எட்டேமுக்கால். முத்தாயிக்கு வேலை வேண்டும். வீட்டில் ஒரு தூசி இல்லை. கோவிந்தராசு மேசையில் கோப்பியைக் கொட்டினார். இளமதி கால் மிதியை எடுத்துக் கூடத்தில் உதறினாள். அதிலிருந்து ஒன்றும் விழவில்லை, முந்தின நாள்தான் துவைத்திருந்தார்கள். விசாலாட்சி நொண்டிக்கொண்டே எங்கள் கம்பிக் கதவுக்கு ஓடிவந்தார்.

"யூசுப் பாய்! உங்க வீட்ல கழுவாத தட்டு ஏதாச்சும் இருக்கா? நாலஞ்சு குடுங்க, ப்ளீஸ். சிங்க்ல போடணும்."

இருந்தது. காலையில் நாங்கள் ரொட்டியும் பருப்புக் குழம்பும் சாப்பிட்ட தட்டுகள் அப்படியே இருந்தன. எடுத்தேன். எடுத்ததும் பரீதா என் கையைப் பிடித்தாள்.

"எச்சித் தட்ட எப்படிங்க இன்னொரு வீட்டுக்குக் குடுக்குறது? விசாலாட்சிக்கா நம்மளப் பத்தி என்ன நினைப்பாங்க?"

நியாயம்தானே! அவள் சோப்புப் போட்டாள், நான் அலசினேன். இரண்டே நிமிடம். துடைத்து, அடுக்கி, மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதற்றத்தில் விசாலாட்சியும் பார்க்காமல் வாங்கி சிங்க்கில் போட்டுவிட்டார்.

ஒன்பது மணிக்கு முத்தாயி வந்தார். மேசையைப் பார்த்தார், கோப்பியிலிருந்து இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. தரையைத் தடவி விரலை முகர்ந்தார். நேராக சிங்க்குக்குப் போய் ஒரு தட்டை எடுத்தார். அதில் அவர் முகம் தெரிந்தது. திருப்பினார். எங்கள் நிக்காஹ் சீர்த் தட்டு, பெயர் வெட்டியிருக்கும்.

"ஏம்மா, பரீதான்னா யாரு?"

நான் மெல்ல என் வீட்டுப் பக்கம் நகர்ந்தேன். விசாலாட்சி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, "நான் என்னக்கா செய்யட்டும், என்னால முடியல" என்று உடைந்துபோய் அழுதார். முத்தாயி கையிலிருந்த தட்டையும் விசாலாட்சியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"சரிம்மா, நான் வர்றேன். வாரம் ஒரு நாள் கண்டிப்பா வருவேன். ஆனா என்ன கிழமை, எத்தனை மணின்னு சொல்ல மாட்டேன். நான் வரும்போது உங்க முட்டி தரையில இருந்துச்சுன்னா, அன்னிக்கே கணக்கு முடிஞ்சுது."

கெட்டிக்காரர்தான். விசாலாட்சியின் முழங்கால் பிழைத்தது. இப்போது அவர் தரையைத் தொடுவதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடுகிறார். முத்தாயி எந்த நிமிடமும் வரலாம் என்பதால், வாரத்தில் ஏழு நாளும் கோவிந்தராசு துடைக்கிறார், இளமதி தேய்க்கிறாள். நேற்று லிஃப்டில் கோவிந்தராசுவைப் பார்த்தேன். "பாய், ஆபரேஷனே பண்ணியிருக்கலாம்" என்றார்.

எங்கள் வீட்டிலும் நிலைமை சரியில்லை. முத்தாயிக்குத் தன் பெயர் தெரிந்துபோயிற்று, எதிர்வீட்டுக்கு வருகிறவர் இங்கேயும் எட்டிப் பார்த்தால் என்ன செய்வது என்று பரீதா தாழ்வாரம் முழுக்கத் துடைக்கத் தொடங்கியிருக்கிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். முடிவெட்டப் போகுமுன் தலையை வாரிக்கொண்டு போகிறவர் யார்? பல் மருத்துவரைப் பார்க்கப் போகிற அன்று மட்டும் பத்து நிமிடம் பல் தேய்க்கிறவர் யார்? நானா? சரி, நானும்தான். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒருமுறை தலையை நிமிர்த்தி மேலே மின்விசிறியில் தூசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டீர்களே, அது யார்? முட்டி பத்திரம். நாற்காலியில் ஏறும்போது பார்த்து ஏறுங்கள்.