கடல் பார்க்க ஒன்பது சீட்

பின்பக்கம் புதிதாகப் பொருத்திய பலகை சீட்டில் நாகையாவும் அவருடைய ஆட்கள் இருவரும் உட்கார்ந்ததும், காரின் முன்சக்கரங்கள் தரையை விட்டு மெல்ல எழுந்தன.

சத்தம் எதுவும் இல்லை. விளக்குகள் இரண்டும் வானத்தைப் பார்த்தன. செராஸ் ரோட்டில் போய்க்கொண்டிருந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, கார் பறக்கப்போகிறதா என்று பொறுமையாகக் காத்திருந்தார்.

"கிராணி ஐயா, இறங்கட்டுமா?" என்று நாகையா மல்லாந்தபடியே கேட்டார்.

"அசையாதீங்க. எவ்வளவு தூக்கியிருக்குன்னு அளந்துக்கிறேன்."

கிராணி பக்கிரிசாமி மராமத்து இலாகாவில் பாலங்களுக்குப் படம் வரைகிற குமாஸ்தா. ஒரு காரியம் ஏன் கெட்டது என்று தெரிந்துவிட்டால் போதும், கெட்டதைப் பற்றி அவருக்கு வருத்தமே வராது.

"கார்ங்கிறது ஒரு தராசு, நாகையா. பின்சக்கரத்து அச்சுதான் நடுமுள். அச்சுக்கு முன்னால உட்கார்ற ஆள் காரைத் தரையில அழுத்துறார். அச்சுக்குப் பின்னால உட்கார்ற ஆள் மூக்கைத் தூக்குறார். எவ்வளவு பாரம்ங்கிறது பாதி. அச்சுல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கிறது மீதி."

"இத சீட் அடிக்கிறதுக்கு முந்தி சொல்லியிருக்கலாம்லா," என்றார் நாகையா.

மாட்டுவண்டிகளும் ரிக்‌ஷாக்களும் செய்து பழகிய நாகையாவிடம் பக்கிரிசாமி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலையில் வந்துவிடுவார். காரணம் அவர் மனைவி நல்லம்மாள். அம்பாங்கில் ஈயம் தோண்டுகிற லம்பத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கல்யாணம்வரை லம்பத்துக் குட்டையைத் தவிர அவள் கடல் என்று எதையும் பார்த்ததில்லை. கல்யாணத்தன்று பக்கிரிசாமி வாக்குக் கொடுத்தார்: ஒருநாள் சொந்தக் காரில், முன்சீட்டில் உட்கார வைத்து, போர்ட் சுவெட்டன்ஹாமுக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டுவேன். கடல் அவள் கண்ணில் படும் அந்த முதல் கணத்தில் அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அவருக்கு வேறு ஆசை கிடையாது.

ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து கார் கைக்கு வந்தது. துணிக்கூரை, நான்கு சீட்.

"நாம ரெண்டு பேர் மட்டும் போனா மாரியாயி அத்தை என்ன நினைப்பாங்க?" என்றாள் நல்லம்மாள்.

நியாயம்தான். மாரியாயி அத்தைதான் அவரை வளர்த்தவர். அத்தையோடு அய்யாவு மாமா. நான்கு சீட்டும் நிறைந்தன.

"பக்கத்து வீட்டு ரமணிக்கு மனசு கஷ்டமா இருக்காதா?" என்றாள் அடுத்த வாரம்.

ரமணிக்கும் அவள் கணவனுக்குமாக, முன்சீட்டுக்கும் பின்சீட்டுக்கும் நடுவில் மடக்குப் பலகை இரண்டு முளைத்தன. அதற்கு மூன்று ஞாயிறு ஆயிற்று. பிறகு அத்தையின் சம்பந்தி வீட்டார் மூவர் நல்லம்மாளின் நினைவுக்கு வந்தார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பின்சீட்.

கார் மூக்கைத் தூக்கிய அன்று சாயங்காலம் பக்கிரிசாமி பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு மரத்தூளும் கிரீஸுமாகத் திரும்பினார். நல்லம்மாள் வாசலில் நின்றிருந்தாள்.

"என்னங்க ஆச்சு?"

"முன்பக்கம் தூக்குது. ஏன் தூக்குதுன்னா..."

"பாரம் அச்சுக்குப் பின்னால போயிடுச்சு."

அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"ஆறு வருஷமா உங்களோடதானே குடித்தனம் பண்றேன்," என்று காப்பியை வைத்தாள். "ஏங்க, கடல்ல தண்ணி சில நேரம் பின்னால போயிடுமாமே?"

போதாதா? எலுமிச்சம்பழம் நிலாவானது, பித்தளை டம்ளர் பூமியானது. நிலா தண்ணீரைத் தன் பக்கம் எப்படி இழுக்கிறது, பூமி சுழலச் சுழல அந்தத் தண்ணீர் மேடு எப்படி ஊரூராகப் போகிறது என்று மணி ஏழாகும்வரை விளக்கினார். மேசைமேல் கடல் ஏறியது, இறங்கியது. நல்லம்மாள் பாதிக் கண்ணை மூடிக்கொண்டு எங்கேயோ மிதந்துகொண்டிருந்தாள். கடலை நினைத்தே இவள் முகத்தில் இவ்வளவு ஒளி என்றால், நேரில் பார்க்கும்போது என்னவாகும் என்று பக்கிரிசாமி ஏங்கினார்.

அடுத்த ஞாயிறு, முன்பக்கம் எழாமலிருக்க இரண்டு மணல் மூட்டைகளை முன்னால் கட்டினார்கள். முன்சக்கரம் அடங்கியது. ஆனால் மொத்தப் பாரமும் சேர்ந்து காரே கோழி அடைகாப்பதுபோல் உட்கார்ந்துவிட்டது. சக்கரம் மட்கார்டில் உரசிப் புகைந்தது.

"இப்ப ஏன்னு நானே சொல்றேன்," என்றார் நாகையா. "ஸ்பிரிங் படுத்துருச்சு."

"ஏன் படுத்தது? இரும்புப் பட்டைகளை வில் மாதிரி வளைச்சு அடுக்கியிருக்கான். அஞ்சு பட்டை தாங்குற பாரத்தை நாம தாண்டிட்டோம். இன்னும் மூணு பட்டை சேர்த்தா..."

"சேத்தா?"

"சேர்த்துத்தான் பார்ப்போமே!"

அதற்கு இரண்டு ஞாயிறு. இப்போது கார் தேர்போல உயர்ந்து நின்றது. மாரியாயி அத்தையை ஏற்றி ஒரு சுற்று வந்தார். ரோட்டில் கிடந்த ஒரு குச்சியின் மேல் சக்கரம் ஏறியது. அத்தை கூரையைத் தொட்டுவிட்டு வந்தார்.

"பாவிப்பயலே! எலும்பெல்லாம் எடம் மாறிப்போச்சுடா!"

"ஸ்பிரிங் விறைப்பாயிடுச்சு அத்தை. ஒன்பது பேரும் ஏறினாத்தான் வளைஞ்சு கொடுக்கும். இனி ஒருத்தர் வரலேன்னாலும் குதிக்கும்."

சின்ன பஸ்கள் தெருவுக்குத் தெரு ஓடிய காலம் அது. அன்று திரும்பும் வழியில் ஒரு சீனக் கிழவி கோழிக் கூடையோடு கைகாட்டி நிறுத்தி, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாரம் போதாமல் தவித்த பக்கிரிசாமி மறுக்கவில்லை. ஆறு கோழிகளுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டார்.

"எல்லாம் முடிஞ்சது. வர்ற ஞாயித்துக்கிழமை கடல்!" என்றார் வீட்டில்.

நல்லம்மாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "கிள்ளான்ல உங்க சித்தப்பா இருக்காரே..."

"இனி சீட் போடணும்னா கூரை மேலதான் போடணும்."

அவள் ஜன்னல் வழியாகக் காரின் கூரையைப் பார்த்தாள். "தாங்குமா?"

"துணிம்மா அது."

"அப்ப சரி," என்று பெருமூச்சு விட்டாள். "போவோம்."

ஞாயிறு காலை ஒன்பது பேரும் ஏறினார்கள். பட்டைகள் எட்டும் ஒன்றாக வளைந்தன. கார் குதிக்கவில்லை. பனிமூட்டத்தில் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக வந்து விலகின. பள்ளத்தில் இறங்கும்போதும் மேட்டில் ஏறும்போதும் கார் படகுபோல ஒரு முறை தாழ்ந்து ஒரு முறை எழுந்தது. சம்பந்தி வீட்டார் தூங்கிவிட்டார்கள். அத்தைகூட, "தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருக்குடா," என்றார். பக்கிரிசாமி கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று பெட்டாலிங்கில் தொடங்கி, கிள்ளான் பாலத்தில் முடித்தார். பக்கத்தில் நல்லம்மாள் கண்ணை மூடி உப்புக்காற்றை இழுத்துக்கொண்டிருந்தாள்.

கடலோரத்தில் கார் நின்றது.

"யாரும் இறங்கக்கூடாது! முதல்ல நல்லம்மா."

"அவ மகாராணிலா," என்றார் அய்யாவு மாமா. "எங்களுக்குக் கால் மரத்துப்போச்சு."

நல்லம்மாள் இறங்கினாள். எதிரே சாம்பலும் பச்சையுமாகக் கடல் விரிந்து கிடந்தது. தூரத்தில் ஒரு கப்பல் நிற்கிறதா நகர்கிறதா என்று தெரியாமல் இருந்தது. பக்கிரிசாமி கடலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். கண்கள் அகலும், வாய் திறக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். எதுவும் நடக்கவில்லை. அவள் முகம் மெல்ல அமைதியானது, அவ்வளவுதான். பெரிய சந்தோஷம் இப்படித்தான் வரும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மர நிழலில் உட்கார்ந்திருந்த வேர்க்கடலை விற்கிறவர் எழுந்து வந்தார். கேட்காமலே ஒரு காகிதப் பொட்டலத்தை நல்லம்மாளின் கையில் வைத்தார். காரிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டே இருந்தவர்களை வியப்போடு பார்த்தார்.

"என்னம்மா, இந்த ஞாயித்துக்கிழமை இவ்வளவு கூட்டம்? எப்பவும் பத்து மணி ரயில்ல தனியாத்தானே வருவீங்க!"