நீர்மூழ்கிக் கப்பலை ஒழுகாமல் செய்த வகையில் மச்சானுக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அக்காளிடம் நாளது தேதி வரை திட்டு வாங்கியும் உயிரோடிருக்கும் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே என் ஒருவனைத் தவிர அனைவரும் சுகம். அங்கே உன்னையும் சேர்த்து அனைவரும் சுகமென நம்புகிறேன்.

நிற்க. உன் மருமகள் உதவி இயக்குநராய்ச் சேர்ந்த டி.வி. தொடர் தெரியுமல்லவா, இருநூறு வருஷம் கழித்து நீர்மூழ்கிக் கப்பலில் நடக்கிற கதை. கப்பல் நிற்பது ஒரு பழைய குடோனில். வெளியே பிளைவுட், உள்ளே வெள்ளி பெயிண்ட், கூரைக்கு முட்டை அட்டை, ஜன்னலுக்கு அந்தப்பக்கம் ஒரு மீன் தொட்டி. அதிலுள்ள ஒற்றை மீன் கண்ணாடியை ஒட்டி வந்தால் அதுதான் ஆழ்கடல் ராட்சதன். இந்தக் கப்பலின் சுவர் பிளந்து தண்ணீர் பீய்ச்சியடிக்க வேண்டுமாம். "அப்பா, நீங்களே வந்து குழாய் போட்டுக் குடுங்கப்பா, நல்லா ஒழுகணும்" என்றாள். பிளம்பர் தொழிலுக்கு வந்த நாளாய் ஒழுக வை என்று ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. கேட்காமலே செய்து கொடுத்தது வேறு விஷயம்.

போட்டேன். மோட்டாரைத் தட்டினதும் பிச்சுக்கிட்டு அடிச்சது. எல்லாரும் கைதட்டினாங்க. அப்பவே வீட்டைப் பார்த்து நடந்திருக்கணும். ஷூட்டிங் பார்க்கிற ஆசையில் பையோட மூலையில நின்னேன். கேப்டன் வேஷக்காரர் தண்ணியில நின்னுக்கிட்டு, "ஐயோ, கப்பல் மூழ்குதே! இந்த ஓட்டையை அடைக்க ஒரு ஆள்கூடவா இல்லை?"ன்னு என் பக்கமாத் திரும்பிக் கதறினார். நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கத்தானே செய்யும்னு எனக்கு அப்போ தோணலை. "இருக்கேன் சார், பதறாதீங்க"ன்னு உள்ள பாஞ்சு, குழாயை அறுத்து, மூடி போட்டு, பசை தடவி, விரிசல் மேல தகடு வெச்சு முடுக்கி, சொட்டு இல்லாம ஆக்கிட்டேன். சாகறதுக்கு முன்னாடி கேப்டன் பேச வேண்டிய நீள வசனம் அவர் வாயிலயே நின்னுபோச்சு. "சாயங்காலம் வரைக்கும் தண்ணி திறந்துடாதீங்க, பசை காயணும்"னு தோளைத் தட்டிச் சொன்னேன். அதுவும் கேமராவில் இருக்கிறதாம்.

டைரக்டர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்து, "யாருய்யா இது?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எவனோ பிளம்பர் என்று போயிருக்கும். நான் நெஞ்சை நிமிர்த்தி, "உதவி இயக்குநரோட அப்பா" என்றேன். "அப்படியா? அப்பாவைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பும்மா. நாளையிலேருந்து வரவேண்டாம்."

பஸ்ஸில் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் உன் அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள்: "ஒழுகறதைக் கண்டா போதுமே, பெத்த பொண்ணு பொழப்புன்னுகூடப் பார்க்க மாட்டீங்களே!"

மச்சான், அந்த டைரக்டர் உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். உன் வாய் ஜாலத்தைக் காட்டி எப்படியாவது அவளைத் திரும்பச் சேர்க்கச் சொல். அவளுக்கு அந்த வேலை என்றால் உயிர். நான் இனி அந்தக் குடோன் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன்.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெரிய ஆளாகி, வேலை செய்கிற இடத்துக்கு அப்பாவைக் கூப்பிடாமல் நீடூழி வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
கையும் வாயும் அடங்காத அத்தான்

பி.கு.: மேலே எழுதியதைக் கிழித்துப் போடு. உறையை ஒட்டும்போது டைரக்டரே வாசலில் வந்து நின்றார். காலையிலிருந்து நாலு பேர் மல்லுக்கட்டியும் கப்பலில் ஒரு சொட்டு வரவில்லையாம். வேறிடத்தில் ஓட்டை போட்டால் ஏற்கெனவே எடுத்த காட்சியோடு ஒட்டாதாம். "எவ்வளவு நாள்தாங்க தாங்கும் இது?" என்றார். "பத்து வருஷத்துக்கு கியாரண்டி" என்றேன். மனுஷன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் வேலைக்கு வந்தாத்தான் எங்கப்பா வருவார்" என்று உன் மருமகள் ஒரு போடு போட்டாள். வேலை திரும்பி வந்தது. நானும் போய்ப் பார்த்தேன் மச்சான். என்ன நேர்த்தி! உடைக்க எனக்குக் கை வரவில்லை. ஆகவே நீ உடனே புறப்பட்டு வா. எங்கள் சமையலறையில் நீ மாட்டிய குழாய் இன்றுவரை சொட்டுகிறது, தம்பி மாட்டினதாம், உன் அக்கா என்னைத் தொட விடுவதில்லை. அந்தக் கப்பலை மூழ்கடிக்கத் தகுதியுள்ள ஒரே ஆள் என் மச்சான்தான் என்று டைரக்டரிடம் சொல்லிவிட்டேன்.