கரிவண்டிக்குத் தண்ணி காட்டும் நேரம்

நான் பார்த்த ரயில் பைத்தியங்களிலேயே முதல் இடம் ஒரு பஸ் கண்டக்டருக்குத்தான். இரண்டாவது இடம் காலி. அந்த மனிதரைப் பார்த்தபிறகு போட்டிக்கு வரும் துணிச்சல் யாருக்கும் இருக்காது. இதில் விசேஷம் என்னவென்றால், அவர் வேலை பார்த்தது போளூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறி ஜமுனாமரத்தூர் போகும் பஸ்ஸில். தண்டவாளம் போடலாமென்று வெள்ளைக்காரன் கனவில்கூட நினைக்காத மலை அது.

எல்லோரும் அவரைக் கரிவண்டி என்றுதான் கூப்பிடுவோம். சொந்தப் பெயர் என்னவென்று நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சொன்னால் எங்கே இந்தப் பெயர் போய்விடுமோ என்று பயந்திருப்பார்.

எழுபதுகளின் கடைசியில் நான் ஜமுனாமரத்தூரில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்த்தேன். சரக்கு எடுக்க அடிக்கடி போளூருக்கு இறங்குவேன். பஸ்ஸில் கரிவண்டி யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். கையில் என்ன மூட்டையோ அதுதான் பெயர்.

"புளி, உள்ள தள்ளிப் போ! சாமை, கால மடக்கு! தேனு, டின்ன மடியில வெச்சுக்கம்மா! இன்னா மளிகை, மறுபடியும் உப்பு மூட்டையா?"

கையில் ஒன்றும் இல்லாமல் ஏறினால் 'காலி வேகன்'. பள்ளிக்கூடத்து வாத்தியாரே ஒருமுறை வெறுங்கையோடு ஏறி, "காலி வேகனெல்லாம் பின்னால வாங்க" என்று துரத்தப்பட்டு, மறுநாளிலிருந்து சும்மாவாவது ஒரு முருங்கைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார்.

பஸ்ஸின் பின்சீட் அவருக்கு 'கார்டு வண்டி'. டிக்கெட் கிழித்து முடித்ததும் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு, மனைவியின் பச்சை ரவிக்கைத் துணியை ஒரு குச்சியில் கட்டி ஜன்னல் வழியாக ஆட்டுவார். டிரைவர் முனுசாமி அண்ணனுக்கு அது பிடிக்காது.

"யோவ், இன்னாத்துக்குய்யா துணி காய வெக்கற? விசிலு குடு, போலாம்."

"கொடி காட்டாம விசிலு குடுத்தா ஆக்சிடெண்டு ஆவும்ணே."

"எதிர்ல இன்னா ரயிலா வருது? மாடு வருதுய்யா!"

"மாடுன்னாலும் ரூல்ஸு ரூல்ஸுதான்ணே."

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வம்பு போளூர் ரயில்வே கேட்டில் இருந்தது. மலைக்குப் போகிற பஸ் அந்த கேட்டைத் தாண்ட வேண்டும். அதே நேரத்துக்குக் காட்பாடிப் பக்கமிருந்து பாசஞ்சர் வரும். கேட்டைச் சாத்துவார்கள். பஸ் நிற்கும். கரிவண்டி பையைத் தோளில் மாட்டியபடி குதித்து ஸ்டேஷனை நோக்கி ஓடுவார். ரயில் போய், கேட் திறந்து, மாட்டு வண்டி, சைக்கிள், ஆடு எல்லாம் கடந்து போகும். எங்கள் பஸ் மட்டும் அங்கேயே நிற்கும். கண்டக்டர் வரமாட்டார். பிளாட்பாரக் கடைசியில் நின்று, ரயில் வளைவில் மறைந்த பிறகும் அந்தப் புகை கரைகிறவரை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார்.

இஞ்சின்களுக்கு அவர் பெயர் வைத்திருந்தார். கரகரவென்று இழுத்து ஊதுவது 'சளி'. சத்தமே போடாமல் வந்து நிற்பது 'புதுப்பொண்ணு'. தூரத்தில் வரும்போதே ஊரைக் கூட்டுவது 'மாமியார்'. அவருடைய உயிர் மாமியார்மேல்தான். சொந்த மாமியார் படவேட்டில் இருந்தார். அந்த அம்மாள் வந்தால் இவர் வீட்டிலேயே தங்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

மலைமேல் கோயிந்தன் என்று ஒரு விவசாயி. சாமையும் புளியும் விளைவிப்பவர், எதற்கும் சட்டென்று மயங்காத ஆள். பஸ்ஸில் கரிவண்டி ஒருநாள் இஞ்சின் பெருமையை அவரிடம் அளந்துகொண்டிருந்தார். இஞ்சினில் தண்ணீர் நிரப்புவதை எப்படிப் புரியவைப்பது என்று யோசித்து, மலையில் மாட்டுக்குச் சொல்வதுபோலவே சொன்னார்.

"நீ உன் மாட்டுக்கு எப்டி ஓடையில தண்ணி காட்டற? அந்த மாதிரி இஞ்சினுக்கும் ஸ்டேஷன்ல தண்ணி காட்டுவாங்கய்யா. யானைத் துதிக்கையாட்டம் ஒரு கொழாய். ஒரே மூச்சுல குடிக்கும்!"

"இன்னா துன்னும்?"

"கரி துன்னும்."

"அவ்ளோ கரி துன்னுட்டு, அவ்ளோ தண்ணி குடிச்சுட்டு, நம்ம மலை ஏறுமா?"

"அது... மலை ஏறாதுய்யா."

"அப்ப எங்க மாடு தேவலாம்" என்று சொல்லிவிட்டு கோயிந்தன் பீடி பற்றவைத்தார். பஸ் சிரித்த சிரிப்பில் முனுசாமி அண்ணன் ஒரு வளைவில் கியர் மாற்ற மறந்தார்.

ஆனால் அன்றிலிருந்து பஸ் முழுக்க அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டது. கேட்டில் வண்டி நின்றால், "கண்டக்டர் எங்க?" என்று ஒருவர் கேட்பார். "தண்ணி காட்டற எடத்துக்குப் போயிருக்கார்" என்று மற்றவர் சொல்வார். கொஞ்ச நாளில் பேச்சு தேய்ந்து, "தண்ணிக்குப் போயிருக்கார்" என்று ஆகிவிட்டது. எங்களுக்கு அதில் தப்பாக ஒன்றும் படவில்லை.

தப்பு, பஸ் முதலாளியின் மச்சான் ரூபத்தில் வந்தது. முதலாளிக்கு இரண்டு பஸ். ஒன்று எங்களுடையது, இன்னொன்று செங்கத்தில் ஓடியது. பஸ் தினமும் லேட் என்று புகார் போக, மச்சானை 'செக்கிங்' ஆக்கி அனுப்பினார். அந்த மனிதர் கேட் அருகில் பஸ்ஸில் ஏறி, முன் சீட்டில் இருந்த குப்பம்மா அக்காவைக் கேட்டார். அவர் வாரா வாரம் மலையிலிருந்து தேன் கொண்டுவந்து விற்கிறவர்.

"கண்டக்டர் எங்கம்மா?"

"தண்ணிக்குப் போயிருக்காருங்க."

"பட்டப்பகல்லயா?"

"தெனமும் இந்த நேரந்தாங்க. அவுருக்கு அது இல்லாம ஆவாதுங்க."

அப்போதுதான் கரிவண்டி திரும்பி வந்தார். கரித்தூள் விழுந்து, கசக்கிக் கசக்கிக் கண் இரண்டும் கோவைப்பழம். மாமியாரைப் பார்த்த சந்தோஷத்தில் நடை வேறு ஒரு மாதிரி மிதந்தது.

"என்னய்யா, தண்ணியா?" என்றார் செக்கிங்.

கரிவண்டிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கம்பெனியிலிருந்தே ஒருவர் இதைப் பற்றி விசாரிக்கிறாரே!

"ஆமாங்க! இன்னிக்கு ரெண்டு தபாங்க. மொதல்ல கொஞ்சம் வுட்டாங்க, பத்தல. அப்பால ஃபுல்லா ரொப்புனாங்க. ஷோக்கா இருந்துச்சுங்க!"

"யாருய்யா ஊத்தறது?"

"ஸ்டேஷன் ஆளுங்கதாங்க. நமக்குப் பழக்கம். நீங்களும் நாளைக்கு வாங்க, காட்றேன்."

செக்கிங் இறங்கி நேராக முதலாளியிடம் போனார். மறுநாள் காலையில் கேட்டுக்குப் பக்கத்திலிருந்த பஸ் ஷெட்டுக்கு வரச்சொல்லி, பஸ் கிளம்புவதற்குள் முதலாளியிடமிருந்து ஆள் வந்தது.

முனுசாமி அண்ணனுக்கு முதலாளியின் குணம் அத்துப்படி. மலையேறும்போது ஒரு வளைவில் பஸ்ஸை நிறுத்தி, ஓடைத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டே கரிவண்டிக்குப் பாடம் எடுத்தார்.

"கேளுய்யா. குடிச்சேன்னு சொன்னா ஒரு வாரம் வூட்ல ஒக்காரச் சொல்லுவாரு, அவ்ளோதான். அவரு மச்சானே சாயங்காலமானா அப்டித்தான், அதனால குடின்னா அவருக்குப் புரியும். ரயிலு பாக்கப் போனேன்னு சொன்ன, புரியாது. செங்கத்து பஸ்ஸுக்குத் தள்ளிடுவாரு."

கரிவண்டியின் முகம் வெளுத்தது.

"செங்கமா? அங்க தண்டவாளமே இல்லியேண்ணே!"

"அதனாலதான் சொல்றேன். குடிச்சேன்னு சொல்லிடு."

பீடிகூடத் தொடாத மனிதர். வாழ்க்கையில் முதல்முறையாகக் குடிகாரன் என்று பெயர் வாங்க வேண்டும், அப்போதுதான் மாமியாரைத் தினமும் பார்க்கலாம். வீட்டில் யோசனை கேட்டாராம். மனைவி சொன்ன பதில்: "குடியா இருந்தா ஒரு நாள் வுட்டுப் போவும். உன்னுது வுடாது. எது சொன்னா சோறு கெடைக்குமோ அதச் சொல்லிட்டு வா."

மறுநாள் ஷெட்டில் நல்ல கூட்டம். அதற்குக் காரணம் நாங்கள்தான். முந்தின நாள் பேசினது இவ்வளவு தூரம் போய்விட்டதே என்று குப்பம்மா அக்கா புலம்ப, அவரையும் கோயிந்தனையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் நான் இறங்கியிருந்தேன். கரிவண்டி குடிக்காதவர் என்று சாட்சி சொல்லி அவரைக் காப்பாற்றுவது எங்கள் திட்டம். குடித்தவர் என்று சொல்லித் தப்பிப்பது அவருடைய திட்டம். ஒருவர் திட்டம் மற்றவருக்குத் தெரியாது.

முதலாளி நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் மச்சான்.

"குடிச்சியாய்யா?"

"குடிச்சேங்க மொதலாளி" என்றார் கரிவண்டி, தலையைக் குனிந்துகொண்டு. முனுசாமி அண்ணன் பின்னாலிருந்து பலே என்று தலையாட்டினார்.

"இன்னா குடிச்ச?"

இது பாடத்தில் இல்லை.

"தண்ணிங்க."

"அது தெரியுது. இன்னா தண்ணி?"

"நல்ல தண்ணிங்க."

"எவ்ளோ?"

கரிவண்டி சற்று யோசித்தார். "ஒரு டேங்குங்க."

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் கூரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து குப்பம்மா அக்கா உள்ளே நுழைந்துவிட்டார்.

"பொய்யிங்க மொதலாளி! இவுரு தொட்டதே இல்லீங்க!"

"யாரும்மா நீ?"

"தேனுங்க" என்றார் அக்கா. பஸ் பழக்கம்.

"இவன் பேரு இன்னான்னாவது தெரியுமா உனக்கு?"

"கரிவண்டிங்க."

"அய்யே, சொந்தப் பேரும்மா!"

அக்கா கோயிந்தனைப் பார்த்தார். கோயிந்தன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். கோயிந்தன்தான் நிலைமையைச் சமாளித்தார்.

"பேரு தெரியாதுங்க, ஆளு தெரியும். குடிக்கறவன் மூஞ்சி எங்களுக்குத் தெரியாதா? இவுரு தெனமும் போயி கரி இஞ்சினு தண்ணி குடிக்கறதப் பாத்துட்டு வர்றாருங்க. அவ்ளோதான். வேற ஒரு தப்பும் கெடையாது."

முனுசாமி அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார்.

முதலாளிக்குக் குழப்பம். எழுந்து கரிவண்டியின் முகத்தருகே மூக்கைக் கொண்டுபோய், "ஊது" என்றார்.

அவர் சொன்னதற்கு அர்த்தம் வாயை ஊது என்பது. ஆனால் கரிவண்டியிடம் அதுவரை யாரும் அந்த அர்த்தத்தில் ஊதச் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்த ஊதல் ஒன்றுதான். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார், இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார், கண்ணை மூடினார்.

மாமியார் வந்தாள். வளைவில் திரும்பும்போது ஒரு நீளம், ஸ்டேஷன் நெருங்கும்போது ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். ஷெட் தகரம் அதிர்ந்தது. முதலாளி பின்வாங்கி நாற்காலியில் போய் விழுந்தார். வெளியே கேட்கீப்பர் அவசரமாகக் கேட்டைச் சாத்தினார் என்று முனுசாமி அண்ணன் சத்தியம் செய்வார். நான் பார்க்கவில்லை.

சத்தம் அடங்கியதும் முதலாளி வேட்டியைச் சரிசெய்துகொண்டார். அவருக்குக் கோபம் வரவில்லை, அதுதான் வினை. "நல்லாத்தான்யா ஊதற. நாளையிலேர்ந்து செங்கம் பஸ்ஸுக்குப் போ."

"அங்க இன்னா மொதலாளி இருக்குது?"

"பஸ்ஸு இருக்குது" என்றார் முதலாளி.

கரிவண்டி செங்கம் போனார். எங்கள் பஸ் அதன்பிறகு சரியான நேரத்துக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. கேட் திறந்த பிறகும் முனுசாமி அண்ணன் ஸ்டீயரிங்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "இன்னாண்ணே, போலாமா?" என்று கேட்டால், "இருய்யா, எது வந்துச்சுன்னு பாத்துட்டுப் போலாம். அவன் கேப்பான்" என்பார்.

கேட்டார்தான். வாரச் சந்தைக்கு மலையிலிருந்து செங்கத்துக்கும் ஆட்கள் இறங்குவார்கள். வெல்லம் வாங்க நானும் போவேன். பஸ் ஸ்டாண்டில் எங்களைப் பார்த்ததும் கரிவண்டி ஓடிவருவார். வீடு, வாசல், மழை, சாமை ஒன்றும் விசாரிக்க மாட்டார்.

"யாருய்யா வந்தா இந்த வாரம்?"

எங்களுக்குப் புகையும் சக்கரமும் வர்ணிக்கத் தெரியாது. கோயிந்தன்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். புளி மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் கையைக் குவித்து ஊதிக் காட்டுவார். 'எங்க மாடு தேவலாம்' என்று சொன்ன அதே கோயிந்தன். கரிவண்டி கண்ணை மூடிக் கேட்டு, "சளி. நெஞ்சுல கட்டியிருக்குது பாவம்" என்பார். அந்த வாரத்துக்கு அது போதும்.

எண்பதுகளில் எங்கள் பக்கம் டீசல் வந்தது. ஒருநாள் கேட்டில் காத்திருந்தோம். பாம் என்று ஒரு சத்தம், மூக்கு நீண்ட ஒன்று வந்து, தண்ணீர்க் குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது. முனுசாமி அண்ணன் வண்டியை ஸ்டார்ட் செய்தார். பஸ் மலையேறத் தொடங்கியது. முதல் வளைவில் குப்பம்மா அக்காதான், "இத அவுராண்ட யாரு போய் சொல்றது? நான் சொல்ல மாட்டேம்பா" என்றார். யாருமே சொல்லவில்லை. சந்தைக்குச் சந்தை கோயிந்தன் ஊதிக்கொண்டே இருந்தார். ஒரு வாரம் சளி, ஒரு வாரம் மாமியார். கரிவண்டியும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பல மாதம் இப்படிப் போனபிறகு ஒருநாள் செங்கம் பஸ் ஸ்டாண்டில் கோயிந்தனுக்கே மனசு கேட்கவில்லை. கையைக் குவித்தவர், ஊதாமல் கீழே இறக்கிவிட்டார்.

"இன்னாய்யா?" என்றார் கரிவண்டி.

"இல்லண்ணே... அங்க இப்ப..."

"டீசலு வந்துச்சு. அதான? வந்த வாரமே லீவு போட்டுட்டுப் போய்ப் பாத்துட்டேன்யா. லாரியாட்டம் கத்துது."

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப தெரிஞ்சுக்கினேவா இத்தினி நாளும் கேட்டுனு இருந்தீங்க?" என்றார் எங்களோடு சந்தைக்கு வந்திருந்த குப்பம்மா அக்கா.

கரிவண்டி பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தார். இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அத வுடு தேனு. மாமியாரப் பாத்து ரொம்ப நாளாச்சு. நீ ஊதுய்யா."

கோயிந்தன் ஊதினார். செங்கம் பஸ் அன்றைக்குத் தாமதமாகத்தான் கிளம்பியது. ஏன் என்று பஸ்ஸில் ஒருவரும் கேட்கவில்லை.