டீச்சரம்மாவை நான் பட்டினி போடவில்லை

புதுவாயல்,
வெள்ளிக்கிழமை.

பொன்னேரி சபையின் மூப்பரும், மூன்று தெருவுக்கு நியாயம் சொல்பவரும், கூடப் பிறந்தவளுக்கு மட்டும் நியாயம் சொல்லாதவருமாகிய ஜோசப் அண்ணன் அவர்களுக்கு, தங்கை விக்டோரியா தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் என் முட்டிவலியும் மாடியில் குடியிருக்கும் இங்கிலீஷ் டீச்சரம்மாவும் சுகம். அங்கே தாங்களும் சுகிர்தா அண்ணியும் சுகமாகவும், அண்ணியின் சர்க்கரை அளவாகவும் இருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறேன். 'தாங்கள்' இத்தோடு போதும், கை வலிக்கிறது. இனிமேல் நீ.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் பேச முடியாது. பள்ளிக்கூடம் அஞ்சாவது வரைக்கும்தான் என்னைத் தாங்கியது, அதனால் எழுத்து முன்னே பின்னே இருக்கும், நீதான் நிமிர்த்திப் படித்துக்கொள்ள வேண்டும். நேற்று போனில் இன்னா சொன்னாய்? "ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்சதும் வேன் எடுத்துக்கினு வர்றேன். டீச்சரம்மாவ மூட்ட முடிச்சோட எங்க ஊட்டுக்கு இட்டாந்துடறேன். தேசம் வுட்டு தேசம் வந்த பொம்பளைக்கு ஒரு வேள சோறு போடத் துப்பில்ல உனக்கு." நான் வாயைத் திறப்பதற்குள் போனை வைத்துவிட்டாய். நான் டீச்சரம்மாவைப் பட்டினி போடுகிறேனாம். தெருவே சொல்கிறதாம். நீ டீச்சரம்மாவை வேனில் ஏற்றினால் என் மானம் முன்சீட்டில் ஏறிவிடும், மாடி மறுபடியும் காலியாகிவிடும். ஆகையால் நடந்ததை முதலிலிருந்து கேள்.

முதல் தப்பு உன்னுடையது. சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு மேனேஜராக இருந்துகொண்டு உன் சபைக்கு வருகிறவர், "இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க லண்டன் பக்கத்திலிருந்து பென்னி என்று ஒருத்தர் வருகிறார், தங்க இடம் வேண்டும்" என்று உன்னிடம் சொன்னார். நீ நம் பெரியப்பா மகன் பென்னி மாதிரி மீசையும் தொப்பையுமாக ஒரு பென்னி வருவதாக நினைத்துக்கொண்டு, "ஆம்பள, தனியாளு, உனக்குத் தொந்தரவே இருக்காது" என்று சொன்னாய். இங்கிலீஷில் அந்தப் பேரின் முதலெழுத்துக்கு B, P என்று ரெண்டு எழுத்து இருக்கிறதாம். ஒன்று போட்டால் ஆம்பளை, இன்னொன்று போட்டால் பொம்பளை. நம்ம 'பெ'வுக்குக் கொம்புதான் இருக்கிறது, மீசை இருக்கிறதா இல்லையா என்று யார் கண்டது? உன் பேச்சை நம்பி நான் சவரம் செய்கிற கண்ணாடி மாட்டி, வரவேற்க நல்ல கட்டம் போட்ட லுங்கி ஒன்று வாங்கி, கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறேன். காரிலிருந்து இறங்கியது ஒரு அம்மா. என் வயசுதான். உயரம் என்னைப்போல் ஒன்றரை மடங்கு. நான் லுங்கியை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பதற்குள், இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று அதை ரெண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. அன்று சாயந்திரமே அதைக் கட்டிக்கொண்டு பால் வாங்கப் போனது. எதிர்வீட்டுத் திலகவதி விளக்குமாறும் கையுமாக ஓடி வந்தாள்.

"இன்னாக்கா, வந்த அன்னிக்கே லுங்கியக் கட்டி வுட்டுட்ட? ஒரு நைட்டி இல்லியா ஊட்ல?"

"அதுவா ஆசப்பட்டுக் கட்டிக்கினு போவுதுடி."

"போக்கா. யாராச்சும் ஆசப்பட்டு லுங்கி கட்டுவாங்களா?"

தெருவில் வந்த வம்புக்கு இதுதான் ஆரம்பம். பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது. நமக்கு ஞாயிறு என்றால் கோயில், கறி, தூக்கம். டீச்சரம்மாவுக்கு ஞாயிறு என்றால் வெயில். அவங்க ஊரில் வெயில் விருந்தாளி மாதிரி எப்போதாவதுதான் எட்டிப் பார்க்குமாம், அதனால் கண்ட இடத்தில் பிடித்து உட்கார வைத்துக்கொள்வார்களாம். நான் மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட்டிருந்தேன். அதுக்குப் பக்கத்திலேயே பாயைப் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஒரு புத்தகத்தை வயிற்றின்மேல் கவிழ்த்துக்கொண்டு படுத்துவிட்டது. மத்தியானம் மிளகாயை வாரப் போனபோது எது மிளகாய் எது டீச்சரம்மா என்று ஒரு நிமிஷம் எனக்கே தெரியவில்லை. திலகவதி கீழிருந்து கத்தினாள், "யக்கா! மனுசாளக் கூடவா காயப் போடுவ? கதவத் தொறந்து உள்ள வுடு!"

அடுத்த வாரம் சைக்கிள். பொழுதுபோக்குக்காக நம்ம பக்கத்து ஆரணி வரைக்கும் மிதித்துப் போய் ஆற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனது. ஆற்றில் தண்ணீரும் இல்லை, ரோட்டில் நிழலும் இல்லை. பாதி வழியில் புளியமரத்தடியில் பீட்ரூட் மாதிரி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஆந்திராத் தடா பக்கத்து டிரைவர் ஒருத்தர் சைக்கிளோடு தூக்கிக் குட்டியானை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். பின்னால் தக்காளிக் கூடைகள், நடுவில் டீச்சரம்மா, சிரித்துக்கொண்டே எல்லாருக்கும் கை ஆட்டுகிறது. டிரைவர் என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"ஏம்மா, பஸ்ஸுக்கு டப்பு குடுத்து அனுப்பக் கூடாதா? பாவம், நல்லா படிச்ச அம்மாவா தெரியுது."

"அதுவே சைக்கிள் வேணும்னு கேட்டுச்சு நைனா!"

"எல்லாரும் அப்டித்தான் சொல்லுவீங்க."

இதெல்லாம் எனக்குப் பெரிசில்லை. என்னைக் கவிழ்த்தது நாஷ்டாதான்.

அண்ணே, சத்தியமாய்ச் சொல்கிறேன். காலையில் எட்டு மணிக்குள் இட்லியோ பொங்கலோ ரெண்டு சட்னியோடு மாடிக்குப் போகிறது. தட்டு வழித்து நக்கின மாதிரி திரும்பி வருகிறது. அப்புறம் டீச்சரம்மா கம்பெனி பஸ்ஸுக்காக ரோட்டு முனைக்கு நடக்கும். வழியில் நம்ம ஜனங்கள் சும்மா இருப்பார்களா? நாக்கு தூங்கினாலும் அந்தக் கேள்வி தூங்காது. "இன்னா டீச்சரம்மா, நாஷ்டா ஆச்சா?" இதுக்குப் பதில் "ஆச்சு." அவ்வளவுதான். உலகம் தெரிந்த நாளிலிருந்து இதுக்கு வேறு பதில் கிடையாது. பசி குடலைப் பிடுங்கினாலும் "ஆச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். கேட்கிறவளும் சட்டியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டா கேட்கிறாள்? டீச்சரம்மா நின்று, கையைக் கூப்பி, புத்தகத்தில் படித்த தமிழில், நிறுத்தி நிதானமாகச் சொல்கிறது:

"இல்லை அம்மா. நான் இன்னும் உணவு அருந்தவில்லை."

'துன்னல' என்று சொல்லியிருந்தால்கூட யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். 'உணவு அருந்தவில்லை' என்றால் ரேடியோவில் பஞ்சச் செய்தி வாசித்த மாதிரி இருக்கிறது. கேட்டவள் விடுவாளா? திலகவதி கையைப் பிடித்து உள்ளே இழுத்து தோசை. அதுக்கடுத்த வீட்டில் புட்டு. டீக்கடையில் பன்னு. அதைத் தின்றுவிட்டு மத்தியானம் வரை கம்பெனியில் ஏப்பம் விட்டுக்கொண்டே பாடம் நடத்துகிறதாம், அதை நம்ம ஜோஷ்வா சொன்னான். அடுத்த தெரு ஜோஷ்வா, அந்தக் கம்பெனியில் சூப்பர்வைசர், டீச்சரம்மாவிடம் படிக்கிறவன். சாயந்திரம் திரும்பி வரும்போதும் அதே கேள்வி, அதே பதில், பஜ்ஜி. வந்தபோது பனைமரம் மாதிரி இருந்தது இப்போது அடிமரம் மட்டும் ஆலமரம் ஆகிவிட்டது, லுங்கிக்கு இன்னொரு சுற்றுத் துணி வேண்டும். இதைப் பட்டினி என்று சொல்கிற இந்தத் தெரு சபைக்கு ஆண்டவர் கண் கொடுக்கட்டும்.

போன திங்கட்கிழமை பொம்பளைகள் கூட்டமாக வாசலில் வந்து நின்றார்கள். திலகவதி கையில் குழம்புச் சட்டி.

"யக்கா, நீ பேஜாரு பண்ணாத. உன்னால முடியலன்னா சொல்லிடு. நாங்க வாரத்துக்கு ஒரு ஊடா பாத்துக்கறோம். வெளிநாட்டுல இன்னா நெனப்பாங்க நம்மள?"

"அடியேய், ஒன்பது இட்லி துன்னுட்டுப் போவுதுடி அது!"

"எங்ககிட்ட துன்னலன்னு கண்ணு கலங்கச் சொல்லுது. அது பொய் சொல்லுமா? வாத்தியாரம்மா!"

வாத்தியார் பொய் சொல்ல மாட்டார் என்று நம்புகிறவள் பள்ளிக்கூடமே போகாதவளாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்கே அவள் அண்ணிக்குப் போன் போட்டாள். அண்ணி உன்னிடம் சொன்னாள். நீ வேனுக்கு டீசல் போட்டுவிட்டாய்.

ஒருவேளை கேள்வியே அதுக்குப் புரியவில்லையோ என்றுதான் நான் முதலில் நினைத்தேன். ஜோஷ்வா சொன்ன கதைதான் அந்த நினைப்பை மாற்றியது. அவங்க ஊரில் பார்த்தவுடனே "ஹவ் ஆர் யூ" என்று கேட்பார்களாம். எப்படி இருக்கே என்று அர்த்தம். ஜோஷ்வா நம்ம வளர்ப்பு, கேட்டதுக்கு உண்மையைச் சொல்கிறவன். வெளிநாட்டுக் கஸ்டமர் கம்ப்யூட்டரில் வந்து "ஹவ் ஆர் யூ" என்று கேட்டதும், ரெண்டு மாசமாக மூலம் படுத்துகிறது, உட்கார முடியவில்லை, நின்றுகொண்டுதான் பேசுகிறேன், கோழிக்கறியை விடச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்த இங்கிலீஷில் விலாவாரியாகச் சொல்லியிருக்கிறான். கஸ்டமர் முகம் செத்துவிட்டதாம். டீச்சரம்மா அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, "ஜோஷ்வா, செத்துக்கொண்டிருந்தாலும் ஃபைன் என்று சொல்லவேண்டும். அது கேள்வி இல்லை, வணக்கம்" என்று சொல்லிக்கொடுத்ததாம். கேட்டதும் எனக்கு நெருப்பு வைத்த மாதிரி ஆகிவிட்டது. அப்படியென்றால் டீச்சரம்மாவுக்கு எல்லாம் தெரியும்! தெரிந்துகொண்டே என் மானத்தைத் தோசைக்கு விற்றிருக்கிறது!

சாயந்திரம் வந்ததும் சமையல்கட்டில் பிடித்துக்கொண்டேன். நான் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன், கையில் அரிவாள்மணை வேறு.

"டீச்சரம்மா, காலைல என் கையால துன்னுட்டு, துன்னலன்னு ஊரெல்லாம் ஏன் சொல்ற?"

அது லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டது. அப்புறம் அதே புத்தகத் தமிழில் சொன்னது. "அக்கா, முதல் வாரம் நான் சரியாகச் சொன்னேன். 'ஆயிற்று' என்றேன். உடனே எல்லோரும் 'சரி' என்று போய்விட்டார்கள். ஒரு நாள் மறந்து 'இல்லை' என்றேன். உட்காரச் சொன்னார்கள். என் அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள். என் முடியைப் பின்னிவிட்டார்கள். அக்கா, 'ஆயிற்று' என்றால் கதவு மூடிவிடுகிறது. எனக்கு ஒரே ஒரு வயிறுதான். ஆனால் அவ்வளவு கதவுகள் இருக்கின்றன."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல வேளை, வெங்காயம் இருந்தது. "போ போ, காப்பி ஆறுது" என்று விரட்டிவிட்டேன். உன் மச்சான் கண்ணை மூடி, பிள்ளைகளும் ஓசூரும் சென்னையுமாகக் குடியேறின பிறகு இந்தச் சமையல்கட்டில் அடுத்தவர் குரல் கேட்டது இப்போதுதான் என்று அதனிடம் போய்ச் சொல்ல முடியுமா? தலைக்கேறிவிடும்.

ஆகையால் மூப்பர் அவர்களே, தீர்ப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் பட்டினி போடவில்லை. என் பெயரைத் தெருவில் துடைத்துவிட்டு, திலகவதியிடமும் நீயே சொல்லிவிடு. டீச்சரம்மாவும் இனிமேல் 'ஆச்சு' என்றுதான் சொல்வதாக என் தலையில் அடித்துச் சத்தியம் செய்திருக்கிறது. வேன் வேண்டாம். மாடி அங்கேயே இருக்கட்டும், மாடியில் இருக்கிறதும் அங்கேயே இருக்கட்டும். உன் வேனுக்கு நல்ல டயரையும், உன் வாய்க்கு ஒரு பூட்டையும், அண்ணியின் சர்க்கரைக்கு இறக்கத்தையும் ஆண்டவர் அருளட்டும்.

இப்படிக்கு,
இன்று வரைக்கும் ஒருத்தரையும் பட்டினி போடாத உன் தங்கை,
விக்டோரியா.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை இல்லாமல் திலகவதி வீட்டுக்குச் சோற்றுப் பருக்கை கேட்கப் போனேன். அவள் தலையைத் தூக்காமலே, "இன்னாக்கா, நாஷ்டா ஆச்சா?" என்றாள். அந்தப் பிசாசு என்னையும் பிடித்ததோ என்னவோ, "இல்லடி" என்று வாய் சொல்லிவிட்டது. இத்தனை வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், அவள் வீட்டுக்குள் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை. நாலு தோசை. அவள் மாமியாரை ரெண்டு பேரும் சேர்ந்து நன்றாகத் திட்டினோம். வீட்டுக்கு வந்து மூச்சு விடுவதற்குள் தெருவில் புதுச்செய்தி: அந்த வெள்ளைக்காரம்மா எல்லாத்தையும் துன்னுட்டு விக்டோரியாவைப் பட்டினி போடுகிறதாம். நான் மறுக்கவில்லை. பிறகு நானே போய்த் திலகவதியிடம் "சாப்டியாடி?" என்று கேட்டேன். தாடையில் சட்னியோடு "இன்னும் இல்லக்கா" என்கிறாள். ஆகையால் மேலே எழுதினதையெல்லாம் அடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமை வேனோடு அவசியம் வா, காலி வேனாக வராதே, அண்ணியையும் கறிக்குழம்பையும் ஏற்றிக்கொண்டு வா. நீ போன் பண்ணும்போதெல்லாம் எடுத்த எடுப்பில் "சாப்டியாம்மா?" என்று கேட்கிறாய், நானும் "ஆச்சுண்ணே" என்கிறேன், நீயும் சரி என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை வாசலில் இறங்கினதும் கேட்டுப் பார். நான் இன்னும் உணவு அருந்தவில்லை, அண்ணே.