லாஜிக் ஜெபஸ்டினும் பதினைந்தடி உயரமும்

சினிமா பார்ப்பவர்கள் இரண்டே வகை, பிடித்தவர்கள், பிடிக்காதவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. அது படம் பார்ப்பதில்லை; லாஜிக் பார்க்கிறது. இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்று, முன்பின் தெரியாத உங்களைத் திரும்பிப் பார்த்து, "எல்லாம் சரி சார், நம்பற மாதிரியா இருக்கு?" என்று கேட்குமே, அதுதான். நீங்களும் டிக்கெட் காசை நினைத்து வருத்தப்பட்டுத் தலையாட்டியிருப்பீர்கள்.

இந்த இனத்திலேயே விசேஷமான பிரிவு சூப்பர் ஹீரோ லாஜிக்காரர். ஒருவன் மின்னலைக் குடித்துவிட்டு ஆகாயத்தில் பறப்பான், ஓடுகிற ரயிலைச் சுண்டுவிரலால் நிறுத்துவான், செத்துப்போய்ப் புதைத்து மெழுகுவத்தி ஏற்றிய பிறகு அடுத்த பாகத்தில் தலைவாரிக்கொண்டு வந்து நிற்பான். அத்தனைக்கும் இவர் விசிலடிப்பார். மறுவாரம் ஒரு பெண் அதே ரயிலை நிறுத்தட்டும். நியூட்டன் வந்துவிடுவார், புவியீர்ப்பு வந்துவிடும். "அந்தப் பொண்ணு கை எவ்ளோ மெல்லிசு, எலும்பு தாங்குமா?" என்பார். சுண்டுவிரலில் எலும்பு இல்லையா என்று அவரை யார் கேட்பது?

கடலூரில் இந்தப் பிரிவின் முதல்தரமான மாதிரி நம்முடைய ஜெபஸ்டின். வயது நாற்பத்து நான்கு, எடை தொண்ணூற்று நான்கு, வேலை ஒரு சர்க்கார் ஆபீசில் உட்கார்ந்த இடத்தில். பெண் கதாநாயகியாக வரும் சூப்பர் ஹீரோ படம் ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. கடலூரில் ஒருமுறை பார்த்துப் பிடிக்காமல்போன படத்தை, எவ்வளவு பிடிக்கவில்லை என்று உறுதி செய்துகொள்ள மனைவி ஜோதி மேரியை அழைத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் போய் இன்னொருமுறை பார்ப்பார். திரும்பும் பஸ்ஸில் பி.முட்லூர் வருவதற்குள் நான்கு குறை, புதுச்சத்திரத்துக்குள் ஒன்பது. ஆலப்பாக்கத்தில் ஜோதி மேரி தூங்கிவிடுவார். பக்கத்து சீட்டுக்காரருக்கு அந்த வசதி கிடையாது.

"ஒரிஜினல் காமிக்ஸ்ல இப்படி இல்ல" என்பது அவருடைய இரண்டாவது ஆயுதம். ஒரிஜினலை அவர் கண்ணால் கண்டதில்லை. வாழ்க்கையில் முழுசாகப் படித்த ஒரே படக்கதை, சின்ன வயதில் கோவிலில் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்குவதற்கு முன்னால் கொடுத்த ஞானோபதேசப் புத்தகம்தான். மூன்றாவது ஆயுதம்தான் பிரம்மாஸ்திரம்: "நான் பொம்பளைங்களுக்கு எதிரி கெடையாது. எங்க வீட்ல கேஸ் புக் பண்றதுலேந்து எல்லா முடிவும் ஜோதிதான். ஆனா..." இந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதைக் கேட்க உங்களுக்கு ஒரு தெர்மாஸ் காபியும் சாய்வதற்கு ஒரு சுவரும் வேண்டும்.

இவ்வளவு லாஜிக் ஒரு மனுஷனுக்கு எங்கிருந்து வந்தது? சொல்கிறேன். ஜெபஸ்டினே ஒரு சூப்பர் ஹீரோ.

சிரிக்காதீர்கள். அவருடைய பங்குக் கோவிலில் ஒவ்வொரு திருவிழாவுக்கும் அதிதூதர் மிக்கேல் நாடகம் போடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக மிக்கேல் சம்மனசு அவர்தான். இடுப்பில் பெல்ட், முதுகில் தெர்மாகோல் சிறகு, கையில் ஜிகினா வாள். மீன்பிடிக் கிராமத்திலிருந்து பக்கிரி என்பவர் வந்து, படகு இழுக்கும் கப்பியை உயரத்தில் கட்டிக் கயிறு மாட்டுவார். கயிற்றின் ஒரு முனையில் சம்மனசு, மறுமுனையில் திரைக்குப் பின்னால் மணல் மூட்டைகள். மூட்டையை ஏற்றினால் சம்மனசு மேலே போகும். ஒவ்வொன்றாகக் கழற்றினால் மெதுவாகக் கீழே இறங்கிச் சாத்தானை மிதிக்கும். ஜெபஸ்டினுக்காகப் பக்கிரி வருஷத்துக்கு ஒரு மூட்டை கூட்டிக்கொண்டே வந்தார்; வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இந்த வருஷம்தான் வந்தது வினை. ஜோதி மேரியின் அண்ணன் மகள் ஆரோக்கிய அனிதா, கல்லூரியில் படிக்கிறவள், இளைஞர் குழுவுக்காக 'புயல் செல்வி' என்று ஒரு நாடகம் எழுதினாள். கடலூர்க் கரைக்கு வரும் புயலைக் குஸ்தி போட்டுத் திருப்பி அனுப்பும் சூப்பர் பெண்ணின் கதை. சிதம்பரத்தில் பங்குக் கோவில்களுக்கிடையே நாடகப் போட்டி இருந்தது. ஃபாதர் சொல்லிவிட்டார்: "பரிசு கெடச்சா திருவிழாவுக்கும் இதையே போட்டுடுவோம். கெடைக்கலன்னா வழக்கம்போல மிக்கேல்."

ஜெபஸ்டின் கணக்குப் போட்டார். பரிசு கிடைத்தால் கயிறு போச்சு. இருப்பது ஒரே கயிறு, ஒரே கப்பி.

செல்வியாக நடிக்க அனிதா தேர்ந்தெடுத்தது பக்கிரியின் மகள் திலகவதியை. சின்ன வயதிலிருந்து அப்பாவோடு கயிறு பிடிக்க வருகிற பெண். கப்பி என்ன சத்தம் போட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஒத்திகைக் கூட்டத்தில் ஜெபஸ்டின் எழுந்தார்.

"நான் பொம்பளைங்களுக்கு எதிரி கெடையாது..."

"ஆனா?" என்று எடுத்துக்கொடுத்தாள் அனிதா.

"ஆனா இதெல்லாம் திணிக்கறது. டைவர்சிட்டின்னு இப்போ எல்லா எடத்துலயும் திணிக்கறாங்க. சூப்பர் ஹீரோன்னா ஒரு நெறம் வேணாமா?" என்று கையை வீசிக் கேட்டார். வீசிய கை என்ன நிறம் என்று அவர் பார்க்கவில்லை; மற்ற எல்லாரும் பார்த்தார்கள். "அப்புறம், அந்தப் பொண்ணு நம்ம பங்குலயும் இல்ல, நம்ம கோயிலும் இல்ல."

"புயல் மட்டும் பங்கு பாத்தா மாமா வருது?"

"முதுகுல துணி பறக்கணும்மா! அது இல்லாம ஒரு சூப்பர் ஹீரோவா?"

ஜோதி மேரி அப்போதுதான் வாய் திறந்தார். "நைட்டி மேல துண்டப் போட்டுக்கிட்டு நாங்க தெனமும் பால் வாங்கப் போறோமே, அது பறக்காமயா இருக்கு?"

கூட்டம் சிரித்து ஓயவே சில நிமிஷம் ஆயிற்று. அவரைச் சமாதானப்படுத்த 'லாஜிக் ஆலோசகர்' என்று ஒரு பதவி கொடுத்தார்கள். வேறு எந்தச் சூப்பர் ஹீரோ நாடகத்திலாவது இப்படி ஒரு பதவி உண்டா? அவர் அதை நோட்டீஸில் அச்சடிக்கவும் வைத்தார்.

போட்டி நாளன்று சிதம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் வேன் போய் நின்றது. மேனேஜர் கலியமூர்த்தி மணல் மூட்டைகளைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்து வாசலை மறித்தார். "புது டைல்ஸ் போட்டு நாலு நாள்தான் ஆவுது. ஒரு பொட்டு மண்ணு உள்ள வரக்கூடாது."

கெஞ்சிப் பார்த்தார்கள். மூட்டைக்குச் சட்டை போட்டு உள்ளே விடுவதாகக்கூடச் சொல்லிப் பார்த்தார்கள். நடக்கவில்லை. மூட்டை இல்லை என்றால் பறப்பது இல்லை. பறக்காத புயல் செல்விக்கு யார் பரிசு கொடுப்பார்கள்? ஜெபஸ்டின் முகத்தில் வருத்தத்தைக் கொண்டுவர மிகவும் பாடுபட்டார். அவருக்குள்ளே மிக்கேல் சம்மனசு சிறகைத் தட்டிப் போட்டுக்கொண்டது.

பக்கிரி யோசித்தபடியே சுற்றிலும் பார்த்தார். அவர் பார்வை ஒவ்வொருவராகத் தாண்டிவந்து ஜெபஸ்டின்மேல் நின்றது. பன்னிரண்டு வருஷமாக அவரைத் தூக்கிய மனுஷன் அல்லவா, கிலோ கணக்கு அத்துப்படி.

"சார், உங்கள வுட்டா ஆளு இல்ல" என்று சொல்லி பெல்ட்டை நீட்டினார்.

மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் நாடகம் படுத்திருக்கும், திருவிழாவில் கயிறு அவருக்கே. அதுதான் லாஜிக். ஆனால் பெல்ட்டைப் பார்த்ததும் அவர் கை தானாகவே சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டிவிட்டது. பாவம், பழக்கதோஷம்.

ஏற்பாடு இதுதான். மேடைக்குப் பின்னால் மாடியில் மணப்பெண் அறை, அதற்கு ஒரு குட்டிப் பால்கனி, பதினைந்தடி உயரம். கூரையில் மாட்டிய கப்பி வழியாகக் கயிற்றின் ஒரு முனை மேடையில் திலகவதியின் இடுப்பில், மறுமுனை பால்கனியில் ஜெபஸ்டினின் இடுப்பில். அவர் காலை வெளியே வைத்தால் அவர் திரைமறைவில் கீழே இறங்குவார், அவள் மேலே போவாள். வேகம் ஜாஸ்தியாகாமல் பக்கிரி கயிற்றைத் தூணில் சுற்றிப் பிடித்துக்கொள்வார்.

நாடகம் தொடங்கியது. கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு புயலாக வந்த இளைஞர் குழு ராபர்ட் நாற்காலிகளைக் கவிழ்த்து உறுமினான். ஜெபஸ்டின் கண்ணை மூடிக்கொண்டு காலை வெளியே வைத்தார். திலகவதி எழும்பினாள், பாருங்கள், தோள்துண்டு படபடக்க, ஒரு குலுக்கல் இல்லாமல், மண்டபமே "ஆ" என்று வாயைப் பிளந்தது. ஜெபஸ்டின் கீழே வந்து டைல்ஸில் உட்கார்ந்தார். திரைக்கு அந்தப் பக்கம் கைதட்டல் காதைப் பிளந்தது. அதில் ஒன்றுகூடத் தனக்கில்லை என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

வசனம் முடிந்தது. இனி செல்வி இறங்கிப் புயலை அடிக்க வேண்டும். "எறக்குங்க" என்று சைகை காட்டினாள் அனிதா. பக்கிரி பழக்கத்தில் மூட்டையைக் கழற்றக் கையை நீட்டினார். அங்கே மூட்டை இல்லை, ஜெபஸ்டின் இருந்தார். மூட்டையானால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். ஜெபஸ்டினை எப்படிக் கழற்றுவது? ஐம்பத்து நான்கு கிலோ மேலே, தொண்ணூற்று நான்கு கிலோ கீழே. பெல்ட்டை அவிழ்த்தால் மேலே இருப்பவள் பொத்தென்று விழுவாள். பன்னிரண்டு வருஷ அனுபவத்தில் யாருக்கும் இது தோன்றவில்லை. லாஜிக் ஆலோசகருக்கும் தோன்றவில்லை.

"மாமா, சீக்கிரம் ஒரு நாப்பது கிலோ கொறைங்க!" என்று கிசுகிசுத்தாள் அனிதா, அழாத குறையாக.

மேலே திலகவதி பதறவில்லை. "ஏய் புயலே! தைரியம் இருந்தா மேல ஏறி வா!" என்று நாடகத்தில் இல்லாத வசனத்தை எடுத்துவிட்டாள். ராபர்ட் விழித்து, பிறகு புரிந்துகொண்டு, கவிழ்ந்த நாற்காலிகளை அடுக்கி ஏறி, அவளைக் கட்டிக்கொண்டான். அவன் எடையும் சேர்ந்தது. புயலும் செல்வியும் கட்டிப்புரண்டு கீழே இறங்க இறங்க, திரைக்குப் பின்னாலிருந்து, திரைக்கும் மேலாக, இன் பண்ணின சட்டை பிதுங்க, ஜெபஸ்டின் உதயமானார்.

 "யாரும்மா அந்த மாமா?" என்று ஒரு குழந்தை கேட்டது. "தெரியல, எட்டி உக்காரு" என்றாள் அம்மா.

ஜெபஸ்டின் என்ன செய்தார் தெரியுமா? இரண்டு கையையும் சிறகுபோல விரித்தார். பன்னிரண்டு வருஷப் பழக்கம் விடுமா? அந்த நேரம் பார்த்துக் கீழே உதைபட்ட ராபர்ட், செத்து விழ வேண்டுமே என்று கையை விட்டுவிட்டான். செல்வி சர்ரென்று மேலே, ஜெபஸ்டின் கீழே. "வுடாதடா, செத்தாலும் புடிச்சுக்க!" என்று கத்தினாள் அனிதா. செத்த புயல் பாய்ந்து மறுபடி கட்டிக்கொண்டது. மறுபடி ஜெபஸ்டின் உதயம், மறுபடி சிறகு. மூன்றாவது முறை அவர் வரும்போது ஜனங்கள் எண்ணி வைத்திருந்து கைதட்டினார்கள்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜோதி மேரி இதற்குமேல் பொறுக்கவில்லை. சேலையைச் சொருகிக்கொண்டு மாடிப்படி ஏறி, பால்கனிக்கு வந்து, எட்டிப் புருஷனின் பெல்ட்டைப் பற்றி ஒரே இழுப்பில் உள்ளே இழுத்துப் போட்டார். கீழே திலகவதியைப் பக்கிரி அவிழ்த்துவிட்டார். புயல் நிம்மதியாகச் செத்தது.

பால்கனியில் இருவரும் மூச்சு வாங்கினார்கள்.

"ஏங்க, பறக்க ஆசைன்னா ஆசைன்னு சொல்றதுதானே? எலும்பு தாங்காது, நெறம் சரியில்ல, ஒரிஜினல்ல இல்லன்னு எத்தன வருஷமா ஊரு உயிர எடுக்கறீங்க?"

ஜெபஸ்டின் பிதுங்கிய சட்டையை உள்ளே சொருகினார். பிறகு, "வருஷத்துல அந்த ஒரு நாள்தான் ஜோதி எல்லாரும் என்ன அண்ணாந்து பாக்கறாங்க. மத்த நாளெல்லாம் ஃபைல்தான் பாக்கறாங்க" என்றார். 

"அந்தப் பொண்ண என்னிக்காவது யாராவது அண்ணாந்து பாத்திருக்காங்களா? இன்னிக்குத்தான் பாத்தாங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெல்ட்டைத் தானே கழற்றினார். அந்த ஒரு நிமிஷம் அவரிடம் லாஜிக் கொஞ்சமும் இல்லை. பார்க்கவே நன்றாக இருந்தார்.

ஒரு நிமிஷம்தான். முதல் பரிசு கிடைத்தது. நடுவர் மைக்கைப் பிடித்து, "ஆகாயத்தில் அடிக்கடி தோன்றி மறைந்த அந்த நடுத்தர வயதுக்காரர், பெண் சக்தியைக் கண்டு திகைக்கும் சமுதாயத்தின் குறியீடு" என்று பாராட்டினார். கடலூர் திரும்புவதற்குள் ஜெபஸ்டின் வேனில் எல்லாருக்கும் விளக்கிவிட்டார்: "நான் எறங்கலன்னா அவ எப்படி ஏறியிருப்பா? சொல்லு." திருவிழாவிலும் திலகவதிதான் பறந்தாள், இவர்தான் மறுமுனை. எடை குறைந்துவிடக் கூடாதே என்று இப்போது இரண்டு வேளை பரோட்டா சாப்பிடுகிறார். கேட்டால் கலைக்காக என்கிறார்.

கடைசியாக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். புயல் செல்விக்கு இப்போது புவனகிரி, ஸ்ரீமுஷ்ணம் என்று ஊர் ஊராக அழைப்பு வருகிறது. எல்லா ஊருக்கும் ஜெபஸ்டினுக்கு லீவு கிடைக்காது. அதனால் பக்கிரி அங்கங்கே மறுமுனைக்கு ஆள் தேடுகிறார். எடைமெஷின் எடுத்துப் போவதில்லை. நாலு பேர் கூடுகிற இடத்தில், ஒரு பெண் வானத்தில் பறக்கும் காட்சியை ஃபோனில் போட்டுவிட்டு, யாருடைய நெற்றி முதலில் சுருங்குகிறது என்று பார்க்கிறாராம். சுருங்கிய ஆளை எடை போட்டே பார்க்க வேண்டியதில்லையாம், கனம் சரியாக இருக்குமாம். அவர் ஒருவேளை உங்கள் தெருவுக்கும் வரலாம். சட்டையைத் தளர்வாகப் போட்டுக்கொள்ளுங்கள், பெல்ட் மாட்ட வசதியாக இருக்கும்.