தலையணைக்காரரைக் கறுப்புப் பட்டியலில் போட்டவர்

அன்புள்ள மகளுக்கு, அப்பாவின் ஆசிகள். இங்கே நான், உன் அம்மா, கடையில் பறக்கும் பஞ்சு எல்லோரும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமா என்று கேட்டு நான் போட்ட மெயில் ஒன்றுகூட உன்னிடம் வந்து சேராததால், காகிதத்தில் மறுபடி கேட்கிறேன்.

"புது வீட்டுல தூக்கமே வரலப்பா" என்று நீ எழுதிய அன்றே பதில் போட்டேன். போன வேகத்தில் திரும்பி வந்தது. இன்னொன்று போட்டேன், அதுவும் வந்தது. நீயோ, அப்பாவுக்கு என்மேல் கோபம், நான் இவ்வளவு தூரம் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் போனில் அழுதிருக்கிறாய். அம்மா எடுத்துச் சொன்னால் சும்மா சமாதானம் சொல்கிறாள் என்கிறாயாம். போனில் உன் குரலைக் கேட்டாலே எனக்கு அழுகை வந்துவிடும், உடனே அம்மாவிடம் நீட்டிவிடுவேன், அது உனக்கே தெரியும். கோபமாவது கத்தரிக்காயாவது.

கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவரைக் கூப்பிட்டேன். துக்கம் விசாரிக்கிற குரலில், "சார், உங்க மெயிலெல்லாம் தொல்லைன்னு யாரோ புகார் கொடுத்து, உங்களைக் கறுப்புப் பட்டியல்ல போட்டிருக்காங்க, அதான் எல்லாம் திரும்புது" என்றார். நான் என்ன கள்ளக்கடத்தலா செய்தேன்? தலையணை தைத்து விற்கிறவன். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியாததா? தலையணை வாங்கியவர்களுக்கெல்லாம் 'நன்றாகத் தூங்கினீர்களா? என்ன கனவு கண்டீர்கள்?' என்று கடை மூடும்போது எழுதி, விடியும்போது போய்ச் சேரும்படி வைத்துவிடுவேன். பல் டாக்டர் கனவில் கப்பல் ஓட்டினாராம். சைக்கிள் கடைக்காரர் மேகத்துக்குப் பஞ்சர் ஒட்டினாராம். இதைப் போய் எவனோ ஒரு பாவி தொல்லை என்று தினமும் புகார் கொடுத்திருக்கிறான். என் தலையணையிலேயே தலை வைத்துப் படுத்துக்கொண்டு எனக்கே இரண்டகம் செய்கிறான் பார்.

என் பெயரை எடுங்கள் என்று அந்தப் பட்டியல் அலுவலகத்துக்கு மெயில் போட்டேன். அதுவும் திரும்பி வந்தது. பட்டியலில் இருப்பவர்களின் மெயிலை அவர்கள் வாங்குவதில்லையாம். நல்ல நியாயம்.

அலுத்துப்போய் மத்தியானம் வெட்டுத்துணி மேல் சாய்ந்தேன். கனவில் என் மெயில்களெல்லாம் சின்னச் சின்னத் தலையணைகளாய் உன் தெருவில் மிதந்து போயின. உன் ஜன்னல் திறந்தே இருந்தது. ஆனால் வாசலில் ஒரு காவலாளி ஒவ்வொன்றையும் அமுக்கிப் பார்த்து, "இதுல பாசம் ஜாஸ்தி" என்று திருப்பி அனுப்பினான். எங்கேயோ பார்த்த முகம். சண்டைக்குப் போனேன். விழித்தபோது வாயெல்லாம் பஞ்சு.

"யாருன்னு தெரிஞ்சா என்னதான் செய்வீங்க?" என்றாள் உன் அம்மா. அவன் தலையணையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்றேன். சத்தியமும் செய்தேன்.

உன் கண்ணுக்கு நல்ல தூக்கமும் மனசுக்கு நிம்மதியும் வரட்டும். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அப்பா

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பழுதுபார்ப்பவர் வந்தார். அந்த அலுவலகத்தில் அவரே பேசி என் பெயரை எடுக்க வைத்துவிட்டார். புகார் கொடுத்தது ஒரே ஆளாம். மெயில் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க என்னுடைய இன்னொரு முகவரிக்கும் ஒரு நகல் அனுப்புவேன் அல்லவா? விடியும்போது காதடியில் போன் சிணுங்கும். நன்றாகத் தூங்கினீர்களா என்று எவனோ கேட்பான். தூக்கக் கலக்கத்தில் 'தொல்லை' என்கிற பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பிப் படுப்பேன். அம்மா இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

சத்தியம் சத்தியம்தான். குற்றவாளியின் தலையணையைப் பிடுங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பழசு, நடுவில் அப்பா தலை பட்ட குழி இருக்கும். தட்டிச் சரிசெய்யாதே அம்மா, அப்படியே தலை வைத்துத் தூங்கு.