கிருமி வழி நடந்த ஆய்வுக்கூடம்

மலேசியாவின் ஸ்கூடாய் நகரில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் புதிய இயக்குநராக வந்த ஏரம்பமூர்த்தி, ஊழியர்களின் மன அழுத்தத்தைப் போக்குவதே தம் தலையாய கடமை என்று அறிவித்தார். அப்போது எல்லா அலுவலகங்களிலும் அந்தப் பேச்சுதான் நாகரிகம்.

முதல் கூட்டத்தில் ஆய்வாளர் சுபத்திரா தம் ஆராய்ச்சியை விளக்கினார்.

"மருந்துக்கு மசியாத கிருமிங்க சார். மருந்து பட்டதும் சில மரபணுவ அணைச்சிட்டு, வளராம சும்மா கிடக்கும். வேற சிலத முடுக்கிவிடும். அதுல பம்பு மாதிரி ஒண்ணு உருவாகி, உள்ள வந்த மருந்த வெளிய தள்ளிடும்."

"அப்ப அழுத்தம்?"

"சமாளிச்சிடும் சார்."

இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார். "இத ஏன் யாரும் எனக்கு முன்னமே சொல்லல?"

மறுநாள் முதல் ஆய்வுக்கூடம் கிருமி வழியில் இயங்கலாயிற்று. வேலை வந்தால் முதலில் அசையாமல் கிடக்க வேண்டும். பிறகு வெளியே தள்ள வேண்டும். முதல் பகுதிக்கு ஊழியர்களுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை.

பக்கத்து ஊரான மாசாயில் தொழிற்சாலை ஊழியர் கனகராஜுக்குக் கைவிரலில் புண். எந்த மாத்திரைக்கும் ஆறவில்லை. எந்த மருந்து கேட்கும் என்று பார்த்துச் சொல்லும்படி மருத்துவமனை சீழை இந்த ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியது. பதிவுப் பிரிவு அதைச் சோதனைப் பிரிவுக்குத் தள்ளியது. அது சேமிப்புப் பிரிவுக்குத் தள்ளியது. அங்கிருந்து அது வாசலுக்கே வந்து சேர்ந்தது. கையோ மணிக்கட்டுவரை வீங்கிவிட்டது.

மனைவி கஸ்தூரி ஓடிவந்தாள். "விரலையே எடுக்கணுங்கிறாங்க சார். ரிசல்ட் எங்க?"

"பதறாதீங்கம்மா. உங்க சாம்பிள் எங்ககிட்ட ஒரு நிமிஷம்கூட தங்கல," என்றார் இயக்குநர். "அவ்வளவு வேகம்!"

"அலமாக், கடவுளே! அப்ப எங்கதான் இருக்கு?"

"வெளிய," என்றார் பெருமையாக.

கேட்டுக்கொண்டிருந்த சுபத்திராவுக்குப் பொறுக்கவில்லை. தாமே மருத்துவமனைக்குக் காரோட்டிப் போய்ப் புதிதாகச் சீழ் வாங்கிவந்து சோதித்தார். ஒரே ஒரு மருந்துதான் கேட்டது. உடனே மருத்துவரை அழைத்துச் சொன்னார். விரல் தப்பியது. வேலையை உள்ளே வாங்கிய குற்றத்துக்காக அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

இயக்குநர் அறையில் அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது, கஸ்தூரி பலகாரத்துடன் நுழைந்தாள்.

"நல்லாயிட்டாரு மிஸ்!"

"மாத்திரைய முழுசா முடிச்சாரா?"

"புண்ணு ஆறிடுச்சில்ல, பாதியிலேயே நிறுத்திட்டாரு. வீணாக்கல லா. எதிர்வீட்டு அண்ணனுக்கு இருமல், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல். ஆளுக்கு ரெண்டா கொடுத்துட்டேன்."

"கேட்ட அந்த ஒரே மருந்தும் இனி கேக்காமப் போயிடுமே!" என்று பதறினார் சுபத்திரா. இயக்குநரோ மனம் நெகிழ்ந்து போனார்.

"எவ்வளவு நல்ல மனசு பாருங்க," என்றவர், மேசை இழுப்பறையைத் திறந்தார். "என்கிட்டயும் பாதி மிச்சம் இருக்கு. யாருக்காச்சும் வேணுமா?"